படம் கொடுத்தோம், கணக்கைக் கொடுங்கள்

நிவாரண நிதிக்காகப் புகைப்படக் கண்காட்சி நடத்தும் அமைப்புக் குழுவினருக்கு,

ஃபெஞ்சல் புயலால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஆளுக்கு ஒரு பிரிண்ட் கேட்டு நீங்கள் அனுப்பிய அழைப்பு போன வாரம் எனக்கும் வந்தது. நல்ல தாளில் அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, ஃப்ரேமுடன் அனுப்ப வேண்டும். விற்று வரும் பணம் முழுவதும் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மக்களுக்குப் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். 2019-இல் கஜா புயலுக்காக நீங்கள் நடத்திய கண்காட்சி பெரிய வெற்றி பெற்றது என்றும் அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கண்காட்சிக்குப் படம் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆறு வருடம் ஆகப்போகிறது. எத்தனை படம் விற்றது, எவ்வளவு பணம் வந்தது, அது யார் கைக்குப் போனது என்று இன்றுவரை நீங்கள் எங்களுக்குச் சொல்லவில்லை.

நான் வேதாரண்யம் பக்கத்துக்காரன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது சென்னையில் இருந்தேன். ஊரில் யாருடைய போனும் போகவில்லை. மறுநாள் கிளம்பி, திருத்துறைப்பூண்டி வரை பஸ்ஸிலும், அங்கிருந்து ஒரு பால் வண்டியிலும், அப்புறம் நடந்துமாக ஊர் போய்ச் சேர்ந்தேன். வழிநெடுக மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல் விழுந்தன என்பது பிறகு வந்த கணக்கு. உப்பளங்களில் பாத்தி எது வரப்பு எது என்று தெரியவில்லை, எல்லாம் கறுப்புச் சேறு. கோடியக்கரைக் காட்டு மான்கள் செத்து ஒதுங்கியிருந்தன. தோப்புகளைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. தென்னை மரங்கள் ஒன்றிரண்டு அல்ல, தோப்பு தோப்பாக, வாரிவிட்ட தலைமுடி மாதிரி ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன.

எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் ஒரு பெரியவர், விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு விழுந்தது 62 மரம். எங்கள் பக்கம் தென்னையை மரம் என்று சொல்வது குறைவு, பிள்ளை என்றுதான் சொல்வோம். மகள் பிறந்த வருடம் வைத்த பிள்ளைகள் என்றார். கேமரா என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது, ஆனால் கேட்கவே வாய் வரவில்லை. அவரே பார்த்துவிட்டுச் சொன்னார்: "எடுத்துக்க தம்பி. எடுத்துட்டுப் போயி அங்க காட்டு. பாக்குறவங்க யாராச்சும் ஏதாச்சும் செய்வாங்க."

அந்த வார்த்தையின் மேல் எடுத்த படம் அது. ஏதோ ஒரு நாள் ஏலத்துக்குப் போகும் என்று நினைத்து எடுத்ததல்ல.

ஒரு மாதம் கழித்து உங்கள் அழைப்பு வந்தது. எனக்கு அப்போது கோயிலில் சாமி பார்த்த மாதிரி இருந்தது. அவர் கேட்டதைச் செய்ய இப்படி ஒரு வழி திறக்கிறதே என்று நம்பினேன். 20-க்கு 30 அங்குலத்தில், பருத்தித் தாளில், நூறு வருடம் நிறம் மங்காத மையில் சென்னையில் அச்சிட்டேன். ஒருமுறை அச்சிட்டதில் நிழல் பகுதி அடைத்துக்கொண்டு மரப்பட்டையின் கோடுகள் தெரியவில்லை. அதைத் தள்ளிவிட்டு மறுபடி அச்சிட்டேன். மொத்தம் ஐந்து பிரிண்ட்தான் போடுவேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு, முதல் எண்ணை உங்களுக்குக் கொடுத்தேன். ஃப்ரேமும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. இதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. என்னைவிடக் கஷ்டத்தில் இருந்தவர்களும் கொடுத்தார்கள். கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கும் இரண்டு பேர் அந்தச் சீசனில் கிடைத்த முன்பணத்தில் பிரிண்ட் போட்டது எனக்குத் தெரியும். பொருளாகக் கொடுக்கிற நன்கொடைக்கு 1961-ஆம் வருடத்து வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் வரிச்சலுகைகூடக் கிடையாது. படக்காரன் தன் படத்தைக் கொடுக்கும்போது திரும்ப ஒன்றும் வராது என்று தெரிந்துதான் கொடுக்கிறான்.

கண்காட்சி நடந்தது. படங்கள் விற்றன. என் படம் 45,000 ரூபாய்க்கு ஏலம் போனது என்று அரங்கில் இருந்த நண்பர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்களிடமிருந்து ஒரு நன்றிக் கடிதமும் கேடயமும் வந்தன. கேடயம் கேட்டு யாரும் படம் தரவில்லை.

2019 கடைசியில் ஊருக்குப் போனபோது அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன். ஒரு சிறிய பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். படம் என்ன ஆச்சு என்று கேட்டார். விற்றுவிட்டது, பணம் நிவாரணத்துக்குப் போயிருக்கிறது என்றேன். "எவ்வளவுக்குப் போச்சு?" என்றார். சொன்னேன். "அது எந்த ஊருக்கு வந்துச்சு தம்பி?" என்றார்.

அவர் கேட்டதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தனக்கு வரவில்லை என்பதில் அவருக்கு வருத்தமும் இல்லை. பக்கத்து ஊருக்காவது போயிருந்தால் சரி என்ற மாதிரிதான் இருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. அரசு அப்போது விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் அறிவித்திருந்தது. அவர் மனதில் அந்தக் கணக்குதான் ஓடியிருக்கும், என் மனதிலும் அதுதான் ஓடியது. அவர் உட்கார்ந்திருக்கும் படம் போன விலை, 40 மரத்துக்கான தொகை. அவர் முகத்தை வைத்து வந்த பணம் அது. அது எங்கே என்று அவர் என்னைக் கேட்காமல் யாரைக் கேட்பார்?

உங்களுக்கு நான்கு முறை மின்னஞ்சல் எழுதினேன். முதலில் ஆடிட் நடக்கிறது என்றீர்கள். அடுத்து, அமைப்பில் பொறுப்பு மாறியிருக்கிறது, புதியவர் பார்த்துச் சொல்வார் என்றீர்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லை. நான்காவது அனுப்பியபோது கொரோனா வந்துவிட்டது, அந்த நேரத்தில் உங்களை நெருக்குவது முறையல்ல என்று நானே விட்டுவிட்டேன். பிறகு ஒருமுறை நேரில் பார்த்தபோது உங்களில் மூத்த ஒருவர், "நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கு, சந்தேகப்படாதீங்க" என்றார். ஐயா, நான் சந்தேகப்படவில்லை. பணத்தை யாரும் எடுத்துக்கொண்டார்கள் என்று இந்த மடலில் எங்கேயும் நான் சொல்லவில்லை. அரங்க வாடகைக்கும் அச்சுக்கும் விருந்துக்கும் போக மீதி ஒன்றும் பெரிதாக நிற்கவில்லை என்றால், அதுவும் ஒரு கணக்குதான். அதைச் சொல்லுங்கள். சொல்லாமல் இருப்பதுதான் தவறு.

2021 தொடக்கத்தில் அந்தப் பெரியவரின் மகள் எனக்கு ஒரு படம் அனுப்பினார். ஒரு வணிக நிறுவனத்தின் மாதக் காலண்டர். ஒரு மாதத்துக்கு மேலே அவருடைய அப்பா உட்கார்ந்திருக்கிறார். கீழே "நம்பிக்கை" என்று ஒரு சொல். ஊர் பெயர்கூடத் தப்பு. "அண்ணே, அப்பா படத்த நீங்க குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டிருந்தார். நான் கொடுக்கவில்லை. நன்கொடைப் படங்களின் கோப்புகள் உங்களிடம்தான் இருந்தன, கையேடு அச்சிட வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தீர்கள். ஒரு பிரிண்ட்டைக் கொடுத்தால் அதன் காப்புரிமையையும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகாது. 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். நான் அப்படி எதிலும் கையெழுத்திடவில்லை. ஆனால் சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப்படுவது வேறு. தோப்பு போய், கடன் அடைக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்த மனிதனைச் சுவரில் மாட்டி, அவர் வீட்டுக்குத் தெரியாமல், அடியில் நம்பிக்கை என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மகளுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் இன்னும் கேட்கவில்லை.

இந்தக் கரைக்கு இது புதிதல்ல. 2004 சுனாமியின்போது கடலூரில், இறந்த உறவினரின் அருகில் மணலில் விழுந்து அழுத ஒரு பெண்ணை ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா எடுத்த படம் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் அந்த ஆண்டின் சிறந்த படமானது. அந்தப் படத்தைப் பார்த்து உதவ வந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். படத்துக்கு அந்தச் சக்தி உண்டு என்று நம்புவதால்தான் நாங்கள் இந்தத் தொழிலில் இருக்கிறோம். எங்கள் கடலோர மக்களின் முகங்கள் இருபது வருடமாக அழுகையோடுதான் வெளியூர்ச் சுவர்களில் தொங்குகின்றன. அப்படித் தொங்குகிற முகத்துக்குப் பின்னால் வீடும் பெயரும் இருக்கிறது என்பதை, அதை விற்றுப் பணம் திரட்டுகிறவர்கள் மறக்கக் கூடாது.

இப்படிப் பணம் திரட்டுவதே தப்பு என்று யாரும் இதைப் படித்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம். நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் இத்தாலியின் பெர்காமோ நகரம் கொரோனாவில் தத்தளித்தபோது, நூறு புகைப்படக்காரர்கள் படம் கொடுத்தார்கள். பெயர் பெற்றவர், புதியவர் என்ற பேதமில்லாமல் எந்தப் படமானாலும் 100 யூரோ. பணம் அந்த ஊரில் போப் 23-ஆம் அருளப்பர் பெயரில் இருக்கும் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். 7 லட்சம் யூரோவுக்கு மேல் சேர்ந்தது. அதைப் பார்த்து நியூயார்க்கின் எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனைக்காக அங்கே இருந்தவர்கள் பிரிண்ட் ஒன்று 150 டாலர் என்று விற்றார்கள். 13 லட்சம் டாலரைத் தாண்டியது. அங்கே வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் தன் பணம் எந்தக் கட்டடத்துக்குள் போகிறது என்று தெரியும். எவ்வளவு சேர்ந்தது என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் அவ்வளவு பேர் வாங்கினார்கள் என்று நான் நினைக்கிறேன். "பாதிக்கப்பட்ட மக்களுக்கு" என்று பொதுவாக எழுதுவதற்கும் இந்த மருத்துவமனைக்கு, இந்தப் பள்ளிக்கு, இந்தத் தெருவுக்கு என்று எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது என் அப்பாவிடம் கற்றது. அவர் ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டுடியோ நடத்தியவர். கஜாவில் ஸ்டுடியோவின் கூரை போய்விட்டது. மேல் பரணில் இரும்புப் பெட்டியில் வைத்திருந்த பழைய நெகட்டிவ்கள் பாதி தப்பின. தண்ணீர் வடிந்த பத்தாம் நாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அரிசி, தார்ப்பாய் எல்லாம் எங்கெங்கோ இருந்து வந்தன. இவர்கள் தேடி வந்தது படத்தை. கல்யாணப் படம், செத்துப்போன அம்மாவின் ஒரே படம், பிள்ளைக்கு மொட்டை போட்டபோது எடுத்தது. சேற்றில் ஊறி ஒட்டிக்கொண்ட ஆல்பங்களைப் பையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். அப்பா அவற்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஒவ்வொரு தாளாகப் பிரித்து, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார். நெகட்டிவ் இருந்தவர்களுக்குப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். யாரிடமும் காசு வாங்கவில்லை. ஆனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, பெயர், என்ன படம், எத்தனை காப்பி என்று எழுதிவைத்தார். எதற்கு அப்பா எழுதுகிறீர்கள், இலவசமாகத்தானே கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "நாளைக்கு ஒருத்தன் வந்து என் படம் எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். அந்த நோட்டில் 212 பெயர் இருக்கிறது.

ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு மியாகி பகுதியின் யமமோதோ என்கிற ஊரிலும் இதே வேலை நடந்தது. இடிபாடுகளில் இருந்து கிடைத்த 7 லட்சத்து 50 ஆயிரம் குடும்பப் படங்களைத் தன்னார்வலர்கள் கழுவி, படியெடுத்து, உரியவர்கள் வந்து தேடி எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். யார் முகம் என்றே தெரியாத அளவுக்கு அழிந்தவற்றை வெளிநாடுகளில் காட்சிக்கு வைத்தார்கள். புகைப்படக்காரர்கள் பேரிடருக்கு என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏல அரங்கு அல்ல, இந்த வேலைதான். ஃபெஞ்சல் மழையில் தென்பெண்ணை ஆற்று வெள்ளம் புகுந்த வீடுகளிலும் இப்போது இப்படி ஒட்டிப்போன ஆல்பங்கள் நிச்சயம் கிடக்கும். சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிட்ட இரவில் வீட்டை விட்டு ஓடியவர்கள் ரேஷன் கார்டை எடுத்திருப்பார்கள், சுவரில் இருந்த படத்தைக் கழற்றியிருக்க மாட்டார்கள்.

சரி, கேட்க வேண்டியதற்கு வருகிறேன்.

2019 கண்காட்சியின் முழுக் கணக்கையும் வெளியிடுங்கள். மொத்தத் தொகை மட்டும் போதாது. எந்தப் படம், என்ன விலை, செலவு எவ்வளவு, எதற்கு, மிச்சம் எந்தத் தேதியில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பது வேண்டும். வாங்கியவர்கள் பெயர் தேவையில்லை. படம் கொடுத்த 40-க்கும் மேற்பட்டவர்களில் ஒவ்வொருவருக்கும் அதன் பிரதியை அனுப்புங்கள். அதில் கொடுக்கப்படாத பணம் ஏதாவது இன்னும் கணக்கில் கிடந்தால், அதை இனியும் வைத்திருக்காமல் கஜாவில் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே கொடுத்துவிட்டு ரசீதைக் காட்டுங்கள். வேறு வழி தெரியவில்லை என்றால் முதலமைச்சரின் பொது நிவாரண நிதியில் கட்டுங்கள், அங்கே ரசீதாவது கிடைக்கும்.

காலண்டருக்கு என் படத்தைக் கொடுத்தது யார், அதற்குப் பணம் வாங்கப்பட்டதா என்று எழுத்தில் சொல்லுங்கள். வாங்கியிருந்தால் அதில் எனக்கு ஒரு ரூபாய் வேண்டாம், முழுவதும் அந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டும். உங்களில் ஒருவர் அந்த ஊருக்கு நேரில் போய் அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வழி நான் சொல்கிறேன், கூடவும் வருகிறேன்.

ஃபெஞ்சல் கண்காட்சிக்கு இதுவரை வாங்கிய படங்களை விற்காமல் நிறுத்திவையுங்கள். பணம் எந்த ஊரில் எந்த வேலைக்கு என்று முதலில் முடிவு செய்து, அதை அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். இதற்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும். செலவு இவ்வளவைத் தாண்டாது என்று ஒரு வரம்பு முன்கூட்டியே வேண்டும். அரங்கச் செலவை ஒரு புரவலரிடம் வாங்க முடிந்தால் படத்தின் பணத்தைத் தொடவே வேண்டாம். முடிவெடுக்கும் குழுவில் படம் கொடுத்தவர்களில் இரண்டு பேரும், பாதிக்கப்பட்ட ஊரிலிருந்து குறைந்தது ஒருவரும் இருக்க வேண்டும். விற்பனை முடிந்த 60 நாளுக்குள் கணக்கு வர வேண்டும். முகம் தெரியும் படம் எதுவாக இருந்தாலும், அந்த முகத்துக்கு உரியவர் சம்மதித்தார் என்று படக்காரரிடம் எழுதி வாங்குங்கள். இது எங்களுக்கும் சேர்த்து நான் கேட்கிற கட்டுப்பாடு, ஏனென்றால் எங்களில் பலர் கேட்காமல் எடுக்கிறோம். கண்காட்சி முடிந்ததும் கோப்புகளை அழித்துவிட்டோம் என்று எழுதிக் கொடுங்கள்.

சேருகிற பணத்தில் ஒரு சிறு பங்கையாவது, வெள்ளத்தில் நனைந்த குடும்பப் படங்களைக் காப்பாற்றித் திருப்பிக் கொடுக்கும் முகாமுக்கு ஒதுக்குங்கள். ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர், தாள், மை, கூட நான்கைந்து பேர் போதும். அந்த நான்கைந்து பேரில் நான் இருப்பேன். அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, ஆனால் ஒட்டிப்போன தாளை எப்படிப் பிரிப்பது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 15-ஆம் தேதிக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். எனக்குத் தனியாக எழுத வேண்டாம், படம் கொடுத்த எல்லோருக்கும் தெரியும்படி எழுதுங்கள். உங்கள் புதிய அழைப்புக்காக நான் ஒரு படம் தேர்ந்தெடுத்து அச்சிட்டுவிட்டேன். அது என் மேசையில்தான் இருக்கிறது. 2019 கணக்கு வருகிற அன்றே அதை அனுப்பிவைப்பேன். அதற்கு முன்னால் அனுப்ப மாட்டேன். மற்ற நண்பர்களும் அதுவரை பொறுத்திருக்க வேண்டும் என்று இந்த மடல் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

கஜாவுக்குப் பிறகு அந்தப் பெரியவர் வைத்த தென்னங்கன்றுகள் இந்த வருடம் பாளை விட்டிருக்கின்றன. பொங்கலுக்குப் போனபோது காட்டினார். படம் பற்றி இப்போது அவர் கேட்பதில்லை. அடுத்த முறை போகும்போது, அவர் கேட்காமலேயே நான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கஜா கண்காட்சிக்குப் படம் கொடுத்த ஒரு புகைப்படக்காரன்
ஜனவரி 2025